கால் பாலாடை வேப்பெண்ணெய்

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் என் அண்ணி வேப்பிலையை உடுத்திக்கொண்டு மாரியம்மன் கோயிலைச் சுற்றி வந்தாள். ஈரமான மஞ்சள் சேலைக்கு மேல், கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் வேப்பங்கொத்துகள். எங்கள் கிணற்றடி மரத்திலிருந்து அண்ணன் ஒடித்துப் போட்டதை அம்மாவும் நானும் வாழைநாரில் வைத்துக் கட்டியிருந்தோம். அவள் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் இலைகள் ஒன்றோடொன்று உரசி, தூறல் விழுவது போல ஒரு சத்தம் கேட்டது. கொத்துக்குள் இருந்த எறும்புகள் கழுத்தில் ஏறிக் கடித்தன. பக்கத்தில் நடந்த நான் தட்டிவிடக் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். மூன்று சுற்றும் முடிந்து இலைகளை அவிழ்த்தபோது அவள் கழுத்தைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள். "கடிக்கட்டும் பாப்பா. ஒரு உசுர குடுக்கறவ, சும்மாவா குடுப்பா?" என்றாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. கிளியனூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். எங்கள் ஊர் ஒலக்கூருக்குப் பக்கத்தில்; நான்கு ஏக்கர் நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுவோம். அப்பா இல்லாத வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, நான் என்று நான்கு பேர். வந்த நாளிலிருந்து அண்ணி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பாப்பாதான். எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுவது, பஸ்ஸுக்கு நேரமானால் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடிவருவது எல்லாம் அவள்தான். நான் விழுப்புரத்தில் நர்சிங் படிப்பில் சேர்ந்தபோது ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் அவள்தான்.

கிணற்றடி வேப்பமரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் அடியில் ஒரு கல் நட்டு, மஞ்சள் துணி சுற்றியிருந்தோம். செருப்புக் காலோடு அந்த நிழலுக்குள் யாரும் போக மாட்டார்கள். ஊரில் யாருக்கு அம்மை போட்டாலும் எங்கள் மரத்திலிருந்துதான் கொத்து ஒடித்துப் போவார்கள். சித்திரையில் பூவைப் பொறுக்கிக் காயவைத்து ரசம் வைப்போம். கேப்பைக் குதிருக்குள் காய்ந்த இலையைப் போட்டு வைப்போம், வண்டு வராது. ஆனி ஆடியில் பழம் உதிரும்போது அம்மா குனிந்து குனிந்து கொட்டை பொறுக்குவாள். திண்டிவனத்துச் செக்கில் கொடுத்து ஆட்டிய எண்ணெய், அடுப்படி மாடத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இருக்கும். மாட்டுக்குப் புண் வந்தால் அது, தலையில் பேன் இருந்தால் அது, முட்டி வலித்தால் அது. எங்கள் வீட்டில் அதை மருந்து என்றுகூட யாரும் சொன்னதில்லை. உப்பு, புளி மாதிரி வீட்டில் இருக்கும் ஒரு பொருள். பிறகு நடந்ததற்கு இது சமாதானம் ஆகாது. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

வேண்டுதல் பலித்தது. அடுத்த ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் அந்த மரத்தின் கீழ் பொங்கல் வைத்து ஊருக்கே சோறு போட்டான். தொட்டிலின் கால்மாட்டில் தினமும் ஒரு புது வேப்பங்கொத்தைச் செருகி வைத்தாள் அண்ணி. குழந்தை கையை நீட்டி அந்த இலைகளைப் பிடிக்கப் பார்க்கும்.

கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. விடுதியிலிருந்து லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணன் கண்டாச்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். குழந்தைக்கு நெஞ்சில் சளி, மூக்கடைப்பு; காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டே இருந்தது. மத்தியானம் மழை கொஞ்சம் விட்டபோது அண்ணி துணி அலசக் கிணற்றடிக்குப் போனாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கொழந்த அழுதுகினே கீதே, காதுல உழலியா? வேப்பெண்ண ஒரு கால் பாலாட ஊத்து. சளியெல்லாம் எறங்கிப் போவும்."

நான் பால் புகட்டும் பாலாடையை எடுத்தேன். நர்சிங்கில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. படுக்கை விரிக்கவும் காய்ச்சல் பார்க்கவும் கற்றிருந்தேன். கேட்கலாமா, கொடுக்கலாமா என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. எனக்கும் அண்ணனுக்கும் ஊற்றி வளர்த்ததுதானே. குழந்தையை மடியில் போட்டு, பாலாடையின் மூக்கை வாயோரம் வைத்துச் சாய்த்தேன். அது முகத்தைச் சுளித்தது. கசப்பு போகட்டும் என்று கன்னத்தைத் தட்டிச் சிரிப்புக் காட்டினேன். விழுங்கிவிட்டு என் முகத்தையே பார்த்தது. அந்தப் பார்வையைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பேசியதில்லை.

இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தது. பிறகு துவண்டு போனது. பால் குடிக்க எழுப்பினாலும் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் வேகவேகமாக வாங்கியது. "ஜல்தியா ஆம்புலன்ஸுக்குப் போன் போடு பாப்பா" என்று அண்ணி கத்தினாள். திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் வண்டியிலேயே கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது அதுதான். "வீட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களா? எதுவா இருந்தாலும் பரவால்ல, சொல்லுங்க."

"ஒண்ணும் குடுக்கல சாரு. தாய்ப்பாலுதான்" என்றாள் அம்மா. டாக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி இல்லை என்று தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை. மூன்று பேரில் படித்தவள் போலத் தெரிந்தேனோ என்னவோ.

"இல்ல சார்" என்றேன்.

பயம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அதையும் தாண்டி, அம்மா சொன்ன பிறகு அவளைப் பொய்யாக்க முடியவில்லை. வேப்பெண்ணெய் குழந்தையை என்ன செய்துவிடும் என்ற எண்ணமும் இருந்தது. மூன்றும் சேர்ந்து என் நாக்கைக் கட்டின. மறுநாள் மத்தியானம் குழந்தை இறந்தது. கண்டாச்சிபுரத்திலிருந்து நேராக ஓடிவந்த அண்ணன், கல்யாணத்துக்குக் கட்டிப்போன பட்டுக்கரை வேட்டியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. துணியில் சுற்றிய குழந்தையை அந்த வேட்டி மடியில்தான் வாங்கி வைத்துக்கொண்டான்.

"மாரியாத்தா குடுத்தா, அவளே எடுத்துக்கினா." அண்ணி எல்லோரிடமும் இதையே சொன்னாள். தினமும் காலையில் கிணற்றடிக்குப் போய் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அழுகைச் சத்தம் கேட்காது. திரும்பி வரும்போது கன்னத்தில் பட்டையின் வரிகள் பதிந்திருக்கும்.

பங்குனியில் எங்களுக்குக் குழந்தை நலப் பாடம் தொடங்கியது. ஆசிரியை ஒருநாள், வீட்டில் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாதவற்றைப் பற்றிப் பேசினார். வேப்பெண்ணெய் என்று சொன்னபோது சில பெண்கள் சிரித்தார்கள். "சிரிக்காதீங்க. இலையைக் கொதிக்கவச்சுக் குளிச்சா தப்பில்ல, எண்ணெயை மேலே தடவுறது வேற. பச்சக் குழந்தை வயித்துக்குள்ள போச்சுன்னா விஷம்" என்றார். முதலில் வாந்தி, பிறகு மயக்கம், வேகமான மூச்சு, வலிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பார்த்த வரிசை மாறாமல் சொன்னார். "குடுத்ததை உடனே டாக்டர்கிட்ட சொன்னா காப்பாத்த வாய்ப்பிருக்கு. ஆனா யாரும் சொல்றதில்ல" என்றும் சொன்னார். நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் கையைக் கழுவினேன். அதற்குப் பிறகு பல மாதங்கள், கையை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த எண்ணெய் வாடை விரலிலேயே இருந்தது. பக்கத்தில் படுத்த தோழி மோந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்பாள். எனக்கு மட்டும் அடித்தது.

சித்திரையில் எனக்கு அம்மை போட்டது. விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகி, எனக்கு இலைப்படுக்கை போட்டு, அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். உடம்பெல்லாம் கொப்புளம், அரிப்பு தாங்காமல் நான் புரளும்போது ஒரு கொத்தால் மெல்ல வருடிக் கொடுப்பாள். மகளுக்குச் செய்ய முடியாததை எனக்குச் செய்வது போல இருந்தது. ஜன்னல் வழியாக வேப்பம்பூ வாசம் வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பகலில் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணி, அன்னிக்கு நீங்க துணி தொவைக்கப் போனப்ப, அம்மா சொல்லி நான் கொழந்தைக்கு வேப்பெண்ண ஊத்தினேன். அதாலதான் அண்ணி. கிளாஸ்ல சொன்னாங்க. அது விஷமாம்."

வருடிக்கொண்டிருந்த கொத்து என் தோளில் அப்படியே நின்றது. அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. பிறகு பேசினாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

"நீயும் ஊத்துனியா?"

எனக்குப் புரியவில்லை.

"காலையிலயே நான் ஊத்துனேன் பாப்பா. கால் பாலாட. எங்க ஊட்டுல எல்லாக் கொழந்தைக்கும் குடுப்பாங்க. ஆஸ்பத்திரியில கொழந்த வாய மோந்து பாத்தேன். வேப்பெண்ண வாட அடிச்சிது. நான் ஊத்துனதுதான்னு நெனச்சிக்கினேன். டாக்டரு கேட்டப்ப வாயே வரல. ஆத்தா எடுத்துக்கினான்னு சொல்லிச் சொல்லி, நானே அத நம்பிக்கினு இருந்தேன்."

ஆளுக்குக் கால் பாலாடை. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கொடுத்து, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் மறைத்திருக்கிறோம். ஒன்று மட்டும் என்றால் பிழைத்திருக்குமா? யாராவது ஒருத்தி வாயைத் திறந்திருந்தால்? அண்ணி நிறுத்திய கொத்தை மறுபடியும் அசைக்கத் தொடங்கினாள். "யாருக்கும் சொல்லாத. உங்க அண்ணன் தாங்க மாட்டாரு" என்றாள். ஐந்தாம் நாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் சூடேற்றிய தண்ணீரை அவளே எனக்குத் தலைக்கு ஊற்றினாள். தண்ணீரோடு சேர்ந்து அவள் கண்ணீரும் என் தோளில் விழுந்தது. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தன.

ஒன்றரை வருஷம் கழித்து அண்ணிக்கு ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு மூன்றாவது மாதம் நடக்கும்போது, அதே மாதிரி ஒரு சளி. நான் அன்று வீட்டில் இருந்தேன். அண்ணன் கழனியிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். அம்மா மாடத்திலிருந்து பாட்டிலை எடுத்துப் பாலாடையில் ஊற்றிக்கொண்டு தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அத கீழ வைங்க அத்த" என்றாள் அண்ணி.

"ஏம்மே, எம் புள்ளைங்களுக்கெல்லாம் இத்த ஊத்தி வளத்தவ நானு."

"என் பொண்ணுக்கு நான் ஊத்துனேன்!" அண்ணி பிள்ளையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான்தான் ஊத்துனேன். அதுலதான் அது செத்துப்போச்சி. டாக்டரு கேட்டப்ப மறைச்சதும் நான்தான். இவனையும் சாவ உடமாட்டேன்."

அம்மாவின் கையில் பாலாடை சாய்ந்து, எண்ணெய் தரையில் சிந்தியது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று மத்தியானம் என்னை ஊற்றச் சொன்னது அவளுக்கு மறந்திருக்காது. நான் தரையைப் பார்த்தேன். அம்மா குனிந்து, சிந்திய எண்ணெயைத் துடைக்கத் தொடங்கினாள். வாசலில் அண்ணன் கையில் சொம்போடு அப்படியே நின்றான். என்னையும் அம்மாவையும் விட்டுவிட்டு எல்லாப் பழியையும் அண்ணி தனியாகத் தலையில் தூக்கிக்கொண்டாள் என்பது அந்த வீட்டில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். நானும்தான் அண்ணா என்ற இரண்டு வார்த்தை போதும். ஆஸ்பத்திரியில் கட்டிய நாக்கு இங்கேயும் கட்டிக்கொண்டது.

மறுநாள் காலை அண்ணன் கோடாலியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். "ஆத்தா மரத்த வெட்டறியே, குடும்பத்துக்கு ஆவுமாடா?" என்று கத்தினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. மஞ்சள் துணியை மட்டும் அவிழ்த்துக் கல்லின் மேல் மடித்து வைத்துவிட்டு வெட்டத் தொடங்கினான். பொழுது சாயும் நேரத்தில் மரம் கிணற்றுப் பக்கமாகச் சாய்ந்தது. அண்ணி வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மரம் ஒரு தவறும் செய்யவில்லை. அந்தக் கோடாலி போய் விழ வேண்டிய இடம் வேறு என்று எனக்குத் தெரியும். அடிக்கட்டை ஒவ்வொரு கோடையிலும் துளிர்த்தது. ஒவ்வொரு முறையும் அண்ணன் அரிவாளால் சீவினான். அண்ணியை அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பவும் இல்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டான். பையன் பேசத் தொடங்கிய பிறகு எல்லாம் அவன் வழியாக. "அம்மாகிட்ட சோறு கேளு." "அம்மாகிட்ட சாவி வாங்கினு வா." ஒரே கூரையின் கீழ் ஒன்பது வருஷம். அம்மா இடையில் இறந்துபோனாள். கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுப்பாள், பிறகு மூடிக்கொள்வாள்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலைக்கு வந்தேன். புதன்கிழமைகளில் தடுப்பூசி போட வரும் தாய்மார்களிடம் தவறாமல் இதைச் சொல்வேன். ஆனால் எப்படிச் சொல்வேன் தெரியுமா? "எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா வேப்பெண்ண குடுத்துட்டாங்க." வருஷக்கணக்காக அப்படித்தான். போன வருஷம் கிளியனூருக்குப் பக்கத்து ஊருக்கு மாற்றலாகி வந்தேன். அண்ணியின் சொந்தக்காரப் பெண் யாரோ கூட்டத்தில் கேட்டுவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அண்ணி போன் செய்தாள். கோபமாக இல்லை.

"தெரிஞ்ச ஒரு அம்மான்னு சொல்றியாமே. அப்டி சொன்னா யாரு பயப்படுவாங்க? எங்க அண்ணின்னே சொல்லு பாப்பா. என் பேரயே சொல்லு. எனக்கு இனிமே இன்னா ஆவப்போவுது?"

இன்னும் கொஞ்சம் பழியை எனக்காகச் சுமக்க அவள் தயாராக இருந்தாள்.

அடுத்த புதன்கிழமை அங்கன்வாடியில் பதினைந்து பெண்கள் போல இருந்தார்கள். ஊசி போட்டு முடித்ததும் சொன்னேன். "எங்க அண்ணன் பொண்ணுக்கு நாலு மாசம் முடிஞ்சிருந்துச்சு. நான் என் கையால வேப்பெண்ண ஊத்தினேன். டாக்டர் கேட்டப்ப இல்லைன்னு சொன்னேன். மறுநாள் செத்துப்போச்சு." ஒருத்தி தன் குழந்தையைக் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டாள். இனி என்னிடம் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கூட்டம் கலைந்தபோது, ரொம்பச் சின்ன வயதுப் பெண் ஒருத்தி மட்டும் நகராமல் நின்றாள்.

"அக்கா, காத்தால எங்க மாமியாரு கொஞ்சம் ஊத்துனாங்க. அப்பத்துலேர்ந்து ரெண்டு வாட்டி கக்கிச்சி. தூங்கிக்கினே கீது. திட்டுவீங்களோன்னு சொல்லல."

ஆம்புலன்ஸில் நானும் கூடவே ஏறினேன். குழந்தை அவள் மடியில் துவண்டு கிடந்தது. அந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சு. வழியெல்லாம் அந்தப் பெண்ணிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டு போனேன்: "எதையும் மறைக்காத. எவ்ளோ, எப்போன்னு சொல்லிடு." சொன்னாள். டாக்டர் கேட்பதற்கு முன்பே, அழுதுகொண்டே சொன்னாள். மூன்று நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். குழந்தை பிழைத்தது. இப்போது தவழ்கிறது.

குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய அன்றே ஊருக்குப் போனேன். அண்ணன் கழனியில் மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஊற்றியதை, அம்மா சொல்லி ஊற்றியதை, அண்ணி பழியைத் தனக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டதை. மடையில் வைத்த மண்வெட்டியை அவன் எடுக்கவே இல்லை. தண்ணீர் பாத்தியை மீறி வழிந்தது.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும் அண்ணா. நான் சொல்லி பதினோரு வருஷம் ஆச்சு."

"தெரிஞ்சேவா உன்ன உட்டுட்டு இவ்ளோ நாளு தனியா வாங்கிக் கட்டிக்கினா?"

அவன் கால் கழுவாமல், சேற்றோடு அப்படியே வீட்டைப் பார்த்து நடந்தான். நான் பின்னால் போகவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறினேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணி போனில் அழுதாள். "பேசறாரு பாப்பா. நேத்தெல்லாம் பேசிக்கினே இருந்தாரு. பொண்ணு எப்டி சிரிக்கும், எப்டி கைய ஆட்டும்னு கேட்டுக் கேட்டுப் பேசறாரு." பிறகு தயங்கியபடி சொன்னாள்: "உன்ன மட்டும் இன்னும் கேக்கல. கொஞ்ச நாளு ஆவட்டும்."

பொங்கலுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் என்னைக் கண்டதும் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டான். சற்று நேரத்தில் பையன் ஓடிவந்து, "அத்தைய சாப்பிடச் சொல்லுன்னு அப்பா சொன்னாரு" என்றான். அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, இலையைப் போட்டாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.